சூமோ வீரருக்கு நான் சொன்ன பாராட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. நான் டென்மார்க்கில், கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறேன். தனியாக வாழ்பவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. குளிக்க உதவுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, உடல் நிறை பார்த்து டப்லெட் கணினியில் பதிவது என்று ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். பிறகு சைக்கிளை மிதித்து அடுத்த வீடு.

அன்று நான் போன வீட்டில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு ஜப்பானியர். இளமையில் சூமோ மல்யுத்த வீரர். ஒரு டெனிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, சமையல்காரராக வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இருபது கிலோ குறைத்தால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் போகத் தொடங்கியபோது அவர் நூற்றுப்பத்துக் கிலோ.

ஒவ்வொரு புதனும் நிறை பார்ப்போம். ஒவ்வொரு புதனும் குறைந்திருக்கும். எனக்கு ஏதோ நானே குறைத்த மாதிரிப் பெருமை. "ஃப்லொட்! ஃப்லொட்!" என்று டெனிஷில் பாராட்டிக் கைதட்டுவேன். அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். தொண்ணூறைத் தொட்டதும், அடுத்த முறை போகும்போது வீட்டில் கேசரி செய்து கொண்டுபோனேன். பிறகு சாப்பிடுகிறேன் என்று இரண்டு கையாலும் வாங்கி வைத்தார். ஒப்பரேஷனுக்கு வரிசையில் காத்திருந்தபோது நிறை தொண்ணூறுக்கும் கீழே இறங்கியது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

அந்தப் புதன் எழுபத்தொன்பது. வழக்கம்போலக் கைதட்டிவிட்டுப் பதிந்தேன்.

மறுநாள் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. மாட்டியிருந்த படங்களைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார். பதினொரு படங்கள். ஏழு மாதமாக அவற்றின் தூசியைத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு நான் அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர் வைத்தியசாலையில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது.

வாசல் பக்கம் இருந்தது கடைசிக் காலப் படம். அங்கிருந்து தொடங்கினேன். முதல் படத்தில் அவர் பட்டு அங்கி போட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருவர் அவருடைய குடுமியைக் கத்தரிக்கிறார். மல்யுத்தத்தை விட்டு விலகும் சடங்காம். கூட்டத்தில் நீல மேலங்கியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். "என்ரை மனுசி" என்றார். (எங்கள் இரண்டு பேரின் உடைந்த டெனிஷையும் எங்கடை தமிழில் சொல்கிறேன்.) அடுத்ததில் முழங்காலில் தடித்த கட்டு. அதற்கடுத்ததில் மலை மாதிரிக் குனிந்து, இரண்டு முஷ்டியையும் தரையில் ஊன்றி எதிராளியை முறைக்கிறார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலால் 156 என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"நிறை. போட்டிக்கு முந்திப் பார்ப்பினம். நான் எழுதி வைப்பன்."

பிறகு ஒவ்வொரு படத்தையும் திருப்பினேன். 149, 138, 121. யன்னலை நோக்கிப் போகப் போக ஆள் இளமையாகிக்கொண்டும் மெலிந்துகொண்டும் வந்தார். ஒரு படத்தில் மடியில் பெரிய சோற்றுக் கோப்பை, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அழுதனீங்களோ?"

"ஓம். ஐஞ்சாவது கோப்பை. நிறை ஏத்த வேணும். ஏலாதெண்டு சொல்லக் கூடாது. சொன்னால் வெட்கம்."

கடைசிப் படம், அவர் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள். பதினாறு வயது. நெடிய உருவம், விலா எலும்பு தெரிகிற நெஞ்சு, நிமிர்ந்து நிற்கவே கூச்சப்படுகிற முகம். சிரித்துக்கொண்டே திருப்பினேன்.

84.

அரை மணித்தியாலத்துக்கு முன்தான் எழுபத்தொன்பது என்று பதிந்திருந்தேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் அன்றுதான் அவரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கழுத்தில் தோல் தொங்கியது. ஸ்வெட்டருக்குள் தோள் இருந்த இடமே தெரியவில்லை.

ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். அந்தக் கிழமை அவருக்குச் சமைத்து அனுப்பிய சாப்பாட்டுப் பெட்டிகள் உடைக்காமல் அடுக்கியிருந்தன. சூப் ஒன்றுதான் குறைந்திருந்தது. ஒரு துண்டுப் பாணைக் கொடுத்து, "எனக்கு முன்னாலை இதைச் சாப்பிடுங்கோ" என்றேன். மறுக்காமல் வாயில் வைத்தார். மென்றார், மென்றார், விழுங்கப் பார்த்தார். முகம் சிவந்து கண்ணீர் வழிந்தது. பிறகு திரும்பி நின்று கைக்குட்டையில் துப்பினார்.

"எவ்வளவு நாளாய் இப்பிடி?"

"மூண்டு மாசம் இருக்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு புதனும் நீங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டீங்கள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

எங்கள் நிறுவனத்து நேர்ஸுக்குப் போன் எடுத்தேன். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. நான் டெனிஷும் தமிழும் கலந்து உளறினேன்.

"அக்கா, ஆறுதலாச் சொல்லுங்கோ. ஏழு மாசத்திலை எத்தினை கிலோ?"

"முப்பத்தொண்டு."

"நான் உடனை வாறன். அவருக்கு இனி ஒண்டும் சாப்பிடக் குடுக்காதேங்கோ" என்றாள்.

அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சோதித்துப் பார்த்ததில் உணவுக்குழாயில் புற்றுநோய்க் கட்டி. நல்ல காலம், வேறு இடத்துக்குப் பரவியிருக்கவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கட்டியை எடுத்திருக்கவே முடியாது என்றார் டொக்டர். நான் நடைபாதைக் கதிரையில் அந்த டப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஏழு மாத எண்கள், எல்லாம் என் கையால் பதிந்தவை. பக்கத்தில் நானே போட்ட சிரித்த முகங்கள்.

எங்கள் நிறுவனத்தின் அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, நான் செய்த பிழையைச் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் இப்போதும் இருக்கிறார். கட்டியை எடுத்த ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். முழங்கால் ஒப்பரேஷன் இன்னும் நடக்கவில்லை. நான் இப்போது யாரையும் பாராட்டுவதற்கு முன், சாப்பாடு இறங்குகிறதா, நித்திரை வருகிறதா என்று கேட்டு, பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் சந்தோசம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் மூன்று மாதம் பசியை மறைத்தார் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.