அம்மா ‘கூடாது’, அப்பா ‘போடலாம்’

ஈரக் களிமண் வாசனையோடு சூடப் புகையும் புதுப் பொரியின் மணமும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு அணுகுண்டு ஞாபகம் வந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், கல்யாணமான புதிதில்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில்தான் என் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வேலை. காய்ந்த பொம்மைகளைத் தட்டில் அடுக்கிச் சூளைக்கு அனுப்புவது அப்பா. வெந்து வருபவற்றுக்குக் கண்ணும் மீசையும் எழுதுவது அம்மா. ஆயுத பூஜை அன்று அச்சுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடிந்ததும் கொட்டகையிலேயே ஒரு பட்டிமன்றம் நடக்கும். வேலை செய்கிறவர்களே பேச்சாளர்கள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் நடுவர். இதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தக் கட்சி என்பதைச் சுடாத கோப்பை ஒன்றில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள். “அவனவன் நெனைக்கிறத பேசறதுக்கு டீக்கடை இருக்குது, இங்க எதுக்கு மேடை?” என்பார் வாத்தியார். அதனால் மாமியாரோடு மல்லுக்கு நிற்கிற மருமகள் மாமியார் கட்சி பேசுவதும், குடிகாரர் ஒருவர் மதுவிலக்குக்காக முழங்குவதும் எங்களுக்கு வருஷா வருஷம் கிடைத்த விருந்து.

நான் ஆறாவது படித்த அந்த வருஷம் யாருக்கும் மாமியார் மருமகள் பேச்சில் மனம் போகவில்லை. இரண்டு நாட்டுப் படைகளும் மாதக் கணக்கில் எல்லையில் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கிறது என்று பேப்பர் தினமும் பயமுறுத்தியது. ராணுவத்தில் சேர்ந்திருந்த என் அண்ணன் ராஜஸ்தான் பாலைவனத்தில் எங்கேயோ ஒரு கூடாரத்தில் இருந்தான். லீவு கிடையாது. எப்போதாவது பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டு, “நல்லா இருக்கேம்மா, மணல்தான் வாய்க்குள்ள போவுது” என்பான், லைன் கட்டாகிவிடும்.

அம்மா அதோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். “ஒண்ணே ஒண்ணு போட்டா முடிஞ்சிடுமில்ல? எதுக்கு வெச்சிக்கிட்டு அழகு பாக்கறாங்க? எம்புள்ள எதுக்கு மணல்ல கெடந்து வேவணும்?”

அப்பா தலையை ஆட்டுவார். “போட்டா முடியாதுடி, அப்பதான் ஆரம்பிக்கும். அங்கயும் ஒரு விருத்தாசலம் இருக்கும். ஜங்சன் இருக்கும், பஸ் ஸ்டாண்டு இருக்கும், இவள மாதிரி பசங்க ஸ்கூலுக்குப் போவும்.”

“அங்க இருக்கற விருத்தாசலத்துக்கு நான் புள்ள பெக்கல.”

இதற்கு மேல் அப்பா பேசமாட்டார். இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார், சாப்பிட்டதும் படுத்துத் தூங்கிவிடுவார். அம்மாவுக்கு அந்தக் குழம்பும் அந்தத் தூக்கமும்தான் ஆறவில்லை. பெற்ற பிள்ளை எல்லையில் நிற்கும்போது எவளோ ஒருத்தியின் ஊருக்காகப் பரிந்து பேசுகிறவன் என்ன மனுஷன் என்று நினைத்தாள். “கல்லு” என்று பெயர் வைத்தாள். ஆவணி பிறந்ததிலிருந்து அவரோடு நேராகப் பேசவில்லை. கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருக்க, “ஒங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு” என்பதும், “பசியில்லன்னு சொல்லு” என்பதும் என் வழியாகவே போய்வந்தன. எனக்கு அண்ணன் வராமல் போய்விடுவானோ என்ற பயம் ஒரு பக்கம், வந்தாலும் இந்த வீடு பழைய வீடாக இருக்காதோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் என்னை அதிகம் அழவைத்தது.

ஆயுத பூஜை வந்தது. “போர் வந்தால் அணுகுண்டு போடலாமா, கூடாதா?” என்று தலைப்புச் சொல்லிவிட்டு வாத்தியார் கோப்பையைக் குலுக்கினார். அம்மா எடுத்த சீட்டில் ‘கூடாது’. அப்பாவுக்கு ‘போடலாம்’. கொட்டகையே கைகொட்டிச் சிரித்தது, ஏனென்றால் எங்கள் வீட்டுச் சண்டை கம்பெனி முழுக்கத் தெரியும். “ஐயா, மாத்திக் குடுங்க” என்று அம்மா கெஞ்சினாள். வாத்தியார் மசியவில்லை.

அம்மா முதலில் பேசினாள். தெரிந்ததைத்தானே செய்ய முடியும், அப்பாவைப் போலவே தொண்டையைக் கனைத்து, இல்லாத துண்டை உதறித் தோளில் போட்டு, “அங்கயும் ஒரு விருத்தாசலம் இருக்கும்டி” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் வீட்டில் அப்பா பேசியதெல்லாம் அதோடு தீர்ந்துபோயிற்று. பேச்சை முடிக்கச் சொல்லி வாத்தியார் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அம்மா தடுமாறி, தானாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தொடர்ந்தாள். அந்த ஊரிலும் ஒருத்தி இருப்பாள், அவள் மகனும் இந்நேரம் எல்லையில் என் மகனுக்கு எதிரே நிற்பான், அவளும் நாளெல்லாம் போன் அடிக்காதா என்று காத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே போனவள், சட்டென்று குரல் இறங்கி, “குண்டு எல்லையில நிக்கிறவன் மேல உழாது. ஊருமேலதான் உழும். அந்தப் பையன் உசுரோடதான் இருப்பான். எம்மவன் வூட்டுக்கு வரணும்னுதான நான் குண்டு கேட்டேன்? அந்தப் பையன் எந்த வூட்டுக்குப் போவான்?” என்றாள். பிறகு மணிக்குக் காத்திராமல் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா ஏறினார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தாலும் நன்றாகவே பேசினார். இழுத்துக்கொண்டே போகிற போரில் இரண்டு பக்கமும் சாகிறவர்கள் அதிகம், ஒரே அடியில் முடித்தால் மிச்சப்படுகிற உயிரும் உயிர்தானே என்றார். போடவே மாட்டோம் என்று சொல்லிவிட்ட குண்டுக்கு எவன் பயப்படுவான் என்றார். வாத்தியார்கூடத் தலையசைத்தார். அம்மா வீட்டில் சொல்லிவந்ததை அம்மாவைவிட ஒழுங்காக அடுக்கிவிட்டார், பொம்மைகளை அடுக்குகிறவர் அல்லவா.

அப்புறம் நின்றார். “நான் தூங்கறேன்னு இவ நெனைக்கிறா. கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கறேன், அவ்ளோதான். ஒரு சுச்ச எங்கையில குடுத்து, இத தட்டுனா ஒம்புள்ள நாளைக்கே வந்துடுவான்னு யாராவது சொன்னா, தட்டமாட்டேன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. தட்டிடுவேன்.” அழுகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. “அதனாலதான் சொல்றேன், அந்த மாதிரி ஒண்ணு எந்த அப்பன் கையிலயும் இருக்கக் கூடாது.”

வாத்தியார் மணியை அடித்து, “நீங்க கட்சி மாறிட்டீங்க” என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசிவிட்டதால் ‘கூடாது’ என்பதே தீர்ப்பு என்று சொல்லி அவர் எழுந்தபோது, அம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றாள். “அது எப்படிங்க? அவரு இன்னும் பேசி முடிக்கலியே!”

அன்று வீட்டில் அம்மா என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்து, “சாப்புட வாங்க” என்றாள். நான் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். சில நாளில் படைகளைத் திருப்பி அழைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பொங்கலுக்கு அண்ணன் கருத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தான். வந்தவன் முதலில் கேட்டது தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம், டிவியில் எல்லைச் செய்தி வந்தாலே இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா ‘போடலாம்’, அப்பா ‘கூடாது’. ஆனால் அந்தச் சண்டையில் சிரிப்பு இருந்தது, இடையிடையே காபி இருந்தது.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கம்பெனியில் இப்போது பூஜை முடிந்ததும் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள்; மேடையும் இல்லை, சீட்டும் இல்லை. சமீபத்தில் எல்லையில் மறுபடி பதற்றம் வந்தபோது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் “போட்டு முடிங்க” என்று ஒருவர் போட, வரிசையாகக் கைகூப்பும் படங்களும் கொடிகளும் விழுந்தன. வேறு மாதிரி நினைத்தவர்கள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். நான் வெளியேறவில்லை. “அங்கேயும் வீடு இருக்கிறது” என்று மட்டும் எழுதினேன். கருவேப்பிலங்குறிச்சி அத்தை மகன் தனியாகக் கூப்பிட்டு, “நானும் அதத்தாங்கா நெனச்சேன், எழுதத்தான் பயமா இருந்துச்சு” என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவிடம் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாக அப்பாவோடு ‘போடலாம்’ என்று மல்லுக்கு நின்றாயே, உண்மையில் நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“கூடாதுதான். அன்னிக்கு மேடையில பேசனேன் பாரு, அப்பயே மாறிட்டேன்.”

“அப்பாகிட்ட சொல்லவே இல்லியே?”

“சொல்லியிருந்தா,” என்றாள் அம்மா, “அப்புறம் அவரு யாருகிட்ட பேசுவாரு?”