வேப்பிலை கட்டிய வாசல்

“நாடு நிமிந்துக்கிச்சி. இனிமே நமக்கு நல்ல காலந்தான்.”

இறால் ஏஜெண்ட் இப்படிச் சொல்லிவிட்டு, வெற்றிலைச் சாற்றை ஏரிக்கரையில் புளிச்சென்று துப்பினார். பத்தடி தள்ளி, குடிசைக்குள் என் அக்கா வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் அவர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மனுஷன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. சீ என்று வந்தது எனக்கு.

எழுபதுகளின் தொடக்கம் அது. உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த காலரா எங்கள் பக்கத்தையும் விடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பழவேற்காட்டு ஏரி இறாலை யாரும் சீண்டவில்லை. ஐஸ் லாரிகள் வரவில்லை, வலைகள் கூரையில் காய்ந்தன. தை பிறந்ததும் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் மறுபடி வாங்கத் தொடங்கினார்கள். டீக்கடை ரேடியோவில் தினமும் அதே பேச்சு. நோய் அடங்கிவிட்டது, தொழில் மீள்கிறது, வருகிற வருஷம் இன்னும் நன்றாக இருக்கும். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரும், ஷிப்டு கூட்டிவிட்டார்கள் என்று குதித்துக்கொண்டிருந்தார். அந்தக் குஷியில்தான் நானும் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாமென்று குப்பத்துக்குப் போனேன். போன மறுநாள் விடிந்தபோது அவள் விழுந்துவிட்டாள்.

அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போயிற்று. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, காலராதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம் மாமா என்று அக்கா புருஷனிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. நல்ல இடங்களில் எந்தக் குப்பம் எந்த நாளில் மீன் பிடிக்கலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பேர். பாடு வந்த நாளில் போகாவிட்டால் அது அடுத்த குப்பத்துக்குப் போய்விடும், பிறகு காத்துக்கிடக்க வேண்டியதுதான். அத்தனை மாதப் பட்டினிக்குப் பிறகு இவர்களுக்குப் பாடு வந்திருந்தது. அந்த வாரம்தான் அக்காவும் படுத்தாள்.

ஏஜெண்ட் குப்பத்துத் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாக என்ன தனியாக, எனக்கு எல்லாம் கேட்டது.

“வாந்திபேதின்னு ஒரு பேச்சு வெளிய போச்சின்னு வெச்சிக்கோ, கவர்மெண்டு வந்து ஏரியவே மூடிடுவான். லாரி இந்தப் பக்கம் திரும்பாது. அப்பறம் என்னைக் கேக்காதே.”

தலைவர் மாமாவிடம் வந்தார். “நைனா, ஊரு பொழப்பு உன் கையில இருக்குது. ரெண்டு நாள் பொறுத்துக்கோ.”

“செத்துப் போனா?” என்று நான் கத்தினேன்.

“நீ இன்னாம்மே, ஊருக்கு வந்தவ. பேஜாரு பண்ணாதே” என்றார் அவர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கர்மம். எதிர்வீட்டுக்காரி ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து அக்கா வீட்டு வாசலில் செருகினாள். கேட்டால் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாமாம். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரமாட்டான், டாக்டரைக் கூப்பிடு என்று எவனும் சொல்லமாட்டான். எத்தனை கச்சிதமான புத்தி பாருங்கள்! ஊரே மூச்சுவிடாமல் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டது. மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடு பிடிக்கப் போய்விட்டார். தாலி கட்டியவன்.

நான் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதி என் புடவையில் வந்தது. மத்தியானத்துக்குள் அவள் கண் உள்ளே போய்விட்டது. கையைக் கிள்ளிவிட்டால் தோல் கிள்ளினபடியே நின்றது. வெளியே கரையில் இறாலைக் கூடை கூடையாகக் கொட்டி, பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே பொறுக்கினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்குக் குமட்டியது. அக்காவின் நாற்றம் எனக்கு நாற்றமாகவே படவில்லை.

ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த நாளில் கவர்மெண்டு ஆட்கள் பெரியம்மையை ஒழிப்பதற்காகக் குப்பம் குப்பமாக அலைந்துகொண்டிருந்தார்கள். வாந்திபேதி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அம்மை வீட்டைக் கண்டுபிடிக்க வாசலைப் பார்த்தாலே போதும். பொழுது சாயுமுன் ஒரு நர்சம்மாவும் சைக்கிளில் ஒரு ஆளும் வந்தார்கள். நேராக வேப்பிலையைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

நர்சம்மா போர்வையை விலக்கி அக்காவின் முகத்தையும் கையையும் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

“இது அம்மைன்னு எவன் சொன்னான்?”

வாசலில் ஊரே கூடிவிட்டது. நான்தான் சொன்னேன், வாந்திபேதி, விடியலிலிருந்து என்று. நர்சம்மா சைக்கிள்காரரை ஜீப்புக்கு விரட்டினார்.

ஜீப் வந்து அக்காவைத் தூக்கும்போது எதிர்வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றாள். “ஆத்தா எறங்கின ஊடும்மா. அவளத் தூக்கினு போவக் கூடாது, தெய்வக் குத்தம்!”

வேப்பிலையைச் செருகியவளே அவள்தான். அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டிருந்தாள். தூ என்று அவள் முகத்துக்கு நேராகத் துப்பிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

ஏஜெண்ட் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கிணற்றில் மருந்து கொட்டினார்கள், எல்லாருக்கும் ஊசி போட்டார்கள், இறால் பிடிக்கத் தடை வந்தது. பிடித்து வைத்திருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தடை நீங்குவதற்குள் பாடு கைமாறிவிட்டது. ஏஜெண்ட் லாரியை அடுத்த குப்பத்துக்குத் திருப்பிக்கொண்டார். அங்கேயும் நாடு நிமிர்ந்த கதையைத்தான் சொல்லியிருப்பார், வேறென்ன தெரியும் அந்த ஆளுக்கு.

அக்காவைக் கொண்டுபோய் விட்டபோது குப்பத்தில் ஒருத்தரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “ஊரு சோத்துல மண்ணு போட்டவ வந்துட்டா” என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எழுந்திரு. என்கூடக் கும்மிடிப்பூண்டிக்கு வந்துடு. இதுங்கல்லாம் மனுஷ ஜாதியா? இந்த மூஞ்சிங்கள இன்னும் பாத்துக்கினு இருக்கப் போறியா நீ?” என்று கத்தினேன்.

அக்கா குரலில் இன்னும் பலம் வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“கத்தாதேடி. எதிரூட்டுக்காரி படுத்துக்கினு இருந்திருந்தா, நானும் வாய மூடிக்கினுதான் இருந்திருப்பேன். இறா பொறுக்கினு சிரிச்சிக்கினு இருந்திருப்பேன். அவளுக்கு உன்ன மாதிரி தங்கச்சி வேற கெடையாது.”