ஒயின் ஜாடி வெடித்த மத்தியானம்

ராயபுரத்தில் பிறந்து எண்ணூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வியாகுலம்மாள். கணவன் டென்னிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ஆனால் தெருவில் இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ஒயின் ஜெல்லிதான். கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு முன்கூட்டியே ஊறவைப்பாள். கடல்பாசியைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் ஒயினைக் கலந்து கிண்ணங்களில் பாதி ஊற்றுவாள். அது லேசாக இறுகியதும் ஆப்பிள் துண்டும் மாதுளை முத்தும் பரப்பி, மீதியை மேலே ஊற்றுவாள். குழந்தைகளுக்கு மட்டும் ஒயின் இல்லாமல் திராட்சைச் சாற்றில்.

போன வருடம் ஒரு தப்பு செய்தாள். எப்போதும் ஜாடியின் வாயைத் துணியால்தான் கட்டுவாள். ஈ மொய்க்கிறதே என்று அந்த முறை ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அழுத்தி மூடிவிட்டாள். உள்ளே நுரைத்துக்கொண்டிருந்த ஒயினுக்கு மூச்சுவிட வழியில்லாமல் போயிற்று.

மத்தியானம் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது டமாரென்று சத்தம். சமையலறை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. சுவரெல்லாம் சிவப்பு.

அதற்குள் வெளியே யாரோ கத்தினார்கள். "கேஸு! கேஸு வுட்டுட்ச்சி! எல்லாம் ஓடுங்க!"

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் கேஸ் கசிந்து, கண் எரிய, மூச்சு முட்ட ஓடிய தெரு அது. வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நடக்கமுடியாத கிழவர் மாசானத்தை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா, காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள், ஈரத்துண்டை முகத்தில் கட்டியபடி, எப்போதும் தயாராக வைத்திருக்கும் பையோடு வெளியே வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள், யாரும் சொல்லாமலே, பாவாடை முனையைக் குடத்தில் நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டாள். அழக்கூட இல்லை.

வியாகுலம் தெருவில் இறங்கி ஓடினாள்.

"நில்லுங்க! கேஸு இல்ல!" என்று கத்தினாள். "எங்க வூட்டு ஒயின் ஜாடி வெடிச்சிட்ச்சி!"

ஓடியவர்கள் நின்றார்கள். கன்னியம்மா நம்பாமல் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னாக்கா நீ! குலையே நடுங்கிப் பூட்ச்சி. எம் பொண்ண இன்னும் எத்தினி வாட்டி தூக்கினு ஓடுவேன், சொல்லு?"

கேட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுத்தெருவில் நாற்காலியோடு விடப்பட்ட மாசானம், "மொதல்ல என்னிய வூட்டாண்ட கொண்டுபோங்கடா" என்றதும் சிலர் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. வியாகுலம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பிய டென்னிஸ், சுவரைப் பார்த்து ரத்தமென்று நினைத்து அலறிவிட்டான்.

இந்த வருடம் ஜெல்லியே வேண்டாம் என்று வியாகுலம் முடிவு செய்தாள். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் கன்னியம்மாதான் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "பாப்பா கேட்டுகினே கீது. சும்மா செய்யிக்கா."

எல்லாருக்கும் திராட்சைச் சாற்றிலேயே செய்தாள். மறுநாள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "ஒயின் இல்லாம இது பத்தியச் சாப்பாடு மாதிரி கீது" என்று மாசானம் குறைசொல்லிக்கொண்டே இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

அந்நேரம் மெயின்ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கி டமாரென்றது. எல்லாருடைய ஸ்பூனும் நின்றது. கன்னியம்மாவின் மகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"லாரிடி. குந்து, சாப்டு" என்றாள் கன்னியம்மா.

குழந்தை உட்கார்ந்து சாப்பிட்டது. வியாகுலத்துக்குத்தான் அதற்குமேல் ஒரு வாய்கூட இறங்கவில்லை.