கண் திறந்த அப்பன் படம்

காரோடு ஊரில் மண் சுமந்து, பிறகு சொந்தமாகச் செங்கல்சூளையே போட்டவர் ஞானசிகாமணி. முடியாது என்ற சொல்லை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருடைய அப்பாவுக்கு இருந்தது ஒரே போட்டோ. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்தது. அம்மா ஆனந்தபாய்க்குப் பரிசாக, அந்த முகத்தைக் கண் திறந்த மாதிரி வரையச் சொன்னார்.

“கண்ணு எப்படி இருக்கும்?” என்றார் நெய்யாற்றின்கரை ஓவியர்.

“எனக்க கண்ணைப் பாத்து வரையும் ஓய். அப்பனுக்க அதே அச்சாக்கும் நான்!”

அப்பா சாகும்போது ஞானசிகாமணி கைக்குழந்தை.

படத்தைச் சுவரில் மாட்டியதும், “கொள்ளாம் மக்கா, நல்லா இருக்கு,” என்றாள் அம்மா. வந்தவர் போனவரிடமெல்லாம் இவர் பெருமையடித்தார்.

ஒரு வாரம் கழித்து அம்மா அதைக் கழற்றச் சொன்னாள்.

“ஏம்மா, எவ்வளவு ஜோரா இருக்கு!”

“ஜெபத்துக்குக் கண்ணை மூடினா உனக்க அப்பன் முகம் வரும். இத்தனை வருஷமும் வந்துது. இப்ப இந்த ஆளாக்கும் வாறது.”

உடனே கழற்றி அறைக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் ஜெபம் முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அப்பா வந்தாரா?”

அம்மா மறுபடியும் கண்ணை மூடிப் பார்த்தாள்.

“இல்ல மக்கா. இனி வரமாட்டாரு.”

சூளை போட்ட மனிதருக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.