டர்பைன் தின்ற ஆப்ரிகாட் கொட்டை

மஹ்கம் ரஸூலோவின் கை பட்ட எந்தப் பொருளும் பழையபடி இருந்ததில்லை. வீட்டு வாசற்கதவு தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்று ஒரு சுருள்வில்லைப் பொருத்தினார். கதவு சாத்திக்கொண்டது, கூடவே வந்த விருந்தாளியின் முதுகில் ஓர் அறை கொடுத்து உள்ளே தள்ளவும் செய்தது. நோன் ரொட்டிக்கு மாவு பிசைய ஒரு மோட்டாரை மாட்டினார். அன்று மாவில் பாதி சமையலறைக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஏணி போட்டு அதைச் சுரண்டி எடுத்தவர் அவருடைய மனைவி ஹோஸியத். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். சாதாரண நாட்களில் கணவரை ஊர் வழக்கப்படி "தாதாசி", அதாவது பிள்ளைகளின் அப்பா, என்பார். கோபம் வந்தால் "இஞ்சினியர் அவர்களே" என்பார். மஹ்கமுக்கு இரண்டாவது பெயர்தான் அதிகம் பழகியிருந்தது.

கிஸில்கும் பாலைவனத்தின் ஓரத்தில், கும்தோபா என்ற குடியிருப்பில் அவர்கள் இருந்தார்கள். எழுபதுகளின் கடைசி. குடியிருப்பு என்றால் நாலு வரிசை வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேநீர்க்கடை, ஒரு குளியல்கூடம். மீதியெல்லாம் மணலும் ஒட்டக முள்ளுச் செடியும். அத்தனை பேருக்கும் சோறு போட்டது எரிவாயு நிலையம். தரைக்கடியில் குழாயில் வரும் வாயுவை அழுத்தி வடக்கே தள்ளிவிடுவது அதன் வேலை. தள்ளுவதற்கு நாலு டர்பைன்கள். அவை ஓடும் இரைச்சலில் பிறந்த குழந்தைகள், ஊருக்குப் போனால் அமைதியாக இருக்கிறதென்று தூங்காமல் அழும்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் இயந்திரத்தைத் திருத்த யோசனை சொல்லலாம். ஒத்துக்கொண்டால் பாராட்டுப் பத்திரம் உண்டு. மஹ்கம் வீட்டுச் சுவரில் பத்திரங்கள் கம்பளத்துக்குப் போட்டியாகத் தொங்கின. அதில் நடுநாயகமாக இருந்தது எண்ணெய் பம்புக்காக வாங்கியது. கோடையில் மூன்றாம் டர்பைனின் தாங்கிகள், அதாவது பேரிங்குகள், சூடாகின்றன என்று பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்வில்லை எடுத்துவிட்டு, அதைவிடக் கெட்டியான ஒன்றைப் போட்டிருந்தார். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தது, தாங்கிகள் குளிர்ந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுவார். முதுகைத் தடவிக்கொண்டே அவர்களும் பார்ப்பார்கள்.

பத்திரம் வாங்கி இரண்டு கோடை கழிந்தபின் மூன்றாம் டர்பைன் இளைக்க ஆரம்பித்தது. எரிகிற வாயு அதேதான், தள்ளுகிற பலம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். டர்பைன் ஓட ஏராளமான காற்றை மூக்கு வழியாக இழுக்க வேண்டும். பாலைவனத்துக் காற்றில் தூசி வரும். அது முன்வரிசை இறக்கைகளில் அப்பிக்கொண்டால் மூச்சு முட்டும். நிறுத்திக் கழுவலாம் என்றால், நிறுத்தக் கூடாது என்று தாஷ்கந்திலிருந்து தொலைபேசியில் கத்தினார்கள். அந்தக் கத்தலை வாங்கிக்கொண்ட நிலையத் தலைவர் கென்னடி பாவ்லோவிச், அதை அப்படியே கீழே இறக்கினார்.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது சுத்தம் பண்ணலாம், கென்னடி பாவ்லோவிச்" என்றார் மஹ்கம். "ஒரு பத்திரிகையில படிச்சேன். கொட்டை ஓட்டை ரவை மாதிரி உடைச்சு மூக்குல போடுறாங்க."

"ஓடுற டர்பைனுக்குள்ளயா? ஒரு நட்டு உள்ள விழுந்தா மொத்தமும் தூள்தூளாப் போயிடும்னு போன மாசம் பாடம் எடுத்தது யாரு?"

"நட்டு இரும்பு. இது பழக்கொட்டை. இறக்கையைக் கீறாது, அழுக்கை மட்டும் தேய்ச்சு எடுத்துட்டுப் பின்னாடி நெருப்புல போய் எரிஞ்சிடும். நம்ம ஊர்ல ஆப்ரிகாட் கொட்டைக்கா பஞ்சம்?"

தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டு மாவு மாதிரி கூரைக்குப் போகாதே?"

"கூரைக்குப் போகாது. புகைபோக்கிக்குத்தான் போகும்."

வேறு வழி இல்லாததால் தலைவர் சம்மதித்தார்.

கொட்டைக்கு மஹ்கம் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. ஹோஸியத்தின் தம்பி இஸ்மத் புகாரா சந்தையில் ஆப்ரிகாட் கொட்டை வறுத்து விற்பவன். அக்காள் புருஷனை அந்த ஊரில் "போச்சா" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் காதுக்கு அது எப்படிக் கேட்டாலும் அவர்களுக்கு அது மரியாதை. மஹ்கம் விஷயத்தில் நம் காதும் தப்பாகக் கேட்கவில்லை.

ஒரு லாரி நிறைய மூட்டைகளோடு வந்து இறங்கினான் இஸ்மத். "போச்சா! தேநீர்க்கடை தேநீர்க்கடையா ஏறி இறங்கிப் பெருக்கிட்டு வந்திருக்கேன். ஒரு டர்பைன் என்ன, நாலுக்கும் விருந்தே வைக்கலாம்!"

மஹ்கம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஹோஸியத் மூட்டைக்குள் கையை விட்டு ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து முகர்ந்தார். பிறகு நுனிநாக்கில் வைத்தார்.

"டேய், இது உப்புத் தண்ணியில ஊறவச்சு வறுத்ததா?"

"பின்ன? உப்பு இல்லாம எவன்க்கா திம்பான்?"

"இஞ்சினியர் அவர்களே," என்று திரும்பினார் ஹோஸியத். இஸ்மத் மெதுவாக லாரிக்குப் பின்னால் போனான். "கொதிக்கிற டர்பைனுக்குள்ள உப்பைக் கொட்டினா உள்ள இருக்கிற உலோகம் என்னாகும்? என் ஏழாங்கிளாஸ் பசங்களைக் கேட்டா சொல்லுவாங்க."

மஹ்கம் "அரிச்சுடும்" என்றார்.

"அரிச்சுடும். அதுவும் தேநீர்க்கடையில கண்டவன் வாயில போட்டுத் துப்பினது. கழுவாம ஒரு ஓடு உள்ள போகக் கூடாது."

கும்தோபாவில் தண்ணீர் லாரியில் வருவது. வீட்டுக்கு வீடு அளந்துதான் ஊற்றுவார்கள். அந்த வாரம் பெண்கள் துணி துவைக்கவில்லை, கொட்டை ஓட்டை அலசினார்கள். அண்டா, தொட்டி, குழந்தை குளிக்கும் பாத்திரம் எல்லாவற்றிலும் ஓடு ஊறியது. ஹோஸியத் வீடு வீடாகப் போய் அலசிய தண்ணீரில் ஏதோ சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்பார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் "இன்னும் உப்பு இருக்கு, மறுபடி அலசு" என்பார். கென்னடி பாவ்லோவிச் சனிக்கிழமைக் குளியலுக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியல்கூடத்துக்குப் போனார். தொட்டி நிறைய ஓடு, அதில் முழங்கால் வரை இறங்கி இஸ்மத் மிதித்துக்கொண்டிருந்தான்.

"நான் எங்க குளிக்கிறது?"

"இறங்குங்க தலைவரே, ரெண்டு பேரும் சேர்ந்து மிதிச்சா சீக்கிரம் முடியும்."

அவர் இறங்கி மிதித்ததாகத்தான் ஊரில் இன்றுவரை சொல்கிறார்கள். அவர் கடைசிவரை மறுத்தார்.

காயவைத்த ஓட்டைப் பக்கத்துப் பண்ணையின் தீவன ஆலையில் உடைத்து, ஹோஸியத்தின் மாவுச் சல்லடையில் சலித்து, ஒரு வியாழக்கிழமை டர்பைனின் வேகத்தைக் குறைத்து மூக்கில் கொட்டினார்கள். உள்ளே ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சத்தம் கேட்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். புகைபோக்கியிலிருந்து கறுப்பாக ஒரு கொத்துப் புகை கிளம்பிற்று. பின்னாலேயே குடியிருப்பு முழுக்க வறுத்த கொட்டையின் வாசனை. டர்பைனின் பலத்தைக் காட்டும் மானியின் முள் மெதுவாக ஏறி, இழந்ததெல்லாம் திரும்பிவந்தது. கென்னடி பாவ்லோவிச் மஹ்கமை இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். அன்று மாலை பெரிய கொப்பரையில் பலாவ் வெந்தது. இஸ்மத் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தி, "உலகத்துலயே எங்க போச்சாவுக்குத்தான் டர்பைனுக்குப் பல் குத்தத் தெரிஞ்சிருக்கு" என்றான்.

அடுத்த வாரமே முள் இறங்கத் தொடங்கியது.

மறுபடி ஓடு போட்டார்கள். ஏறியது, இறங்கியது. மற்ற மூன்று டர்பைன்களும் அதே காற்றை இழுத்துக்கொண்டு அதே தூசியைத் தின்றுகொண்டு திடமாக இருக்க, இது மட்டும் ஓடு ஓடு என்று கேட்டது. ஆப்ரிகாட் காலம் முடிந்தது. தண்ணீர் லாரிக்காரன் மஹ்கமைப் பார்த்தால் பாதையை மாற்றிக்கொண்டான். பெண்கள் அவரைக் கண்டதும் அண்டாவை ஒளித்தார்கள்.

"கொட்டையோட தரம் சரியில்லை" என்றார் மஹ்கம் வீட்டில். "வால்நட் ஓட்டுக்கு மாறணும்."

ஹோஸியத் அப்போது சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தினநாள் அடித்த மணற்காற்று வீடெங்கும் தூசியைப் பூசியிருந்தது. "தாதாசி, ஒரு உதவி. அந்த ஜன்னல் பக்கத்துச் சுவரை ஊதி விடுங்க."

ஊதினார். தூசி பறந்துவிட்டது.

"இப்போ அடுப்புப் பக்கம் ஊதுங்க."

ஊதினார், மறுபடி ஊதினார், இருமல் வந்தது. தூசி அசையவில்லை.

"போகாது. அங்க தாளிக்கிற எண்ணெய் படிஞ்சிருக்கு, அதுல ஒட்டிக்கிச்சு. நாலு டர்பைனும் ஒரே மண்ணைத்தானே இழுக்குது? இதுல மட்டும் ஏன் ஒட்டுது? உங்க மூணாவதும் எங்கயோ தாளிக்குது போல."

மஹ்கம் கையில் இருந்த துணியோடு நிலையத்துக்கு நடந்தார். மூன்றாம் டர்பைனின் முன்மூடியைத் திறக்க ஒரு மணி நேர நிறுத்தம் வேண்டும் என்றார். தலைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். உள்ளே தலையை விட்டு, முதல் இறக்கையை விரலால் வழித்தார். விரலில் வந்தது தூசி இல்லை, கறுப்பு மை மாதிரி பசை. எண்ணெய். இறக்கையிலிருந்து பின்னோக்கிப் போனார்: முன்தாங்கியிலிருந்து எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு வழியாகவே அது ஆவியாகக் கசிந்து காற்றோடு உள்ளே போகிறது. அடைப்பு தேயவில்லை, நெருக்குண்டு நெகிழ்ந்திருக்கிறது. ஏன் நெகிழ்ந்தது? அடைப்பு தாங்குவதைவிட அதிக அழுத்தத்தில் எண்ணெய் வருகிறது. ஏன் வருகிறது? பம்ப் தள்ளுகிறது. பம்ப் ஏன் அவ்வளவு தள்ளுகிறது?

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஹோஸியத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன். எண்ணெய் பம்போட வில்லை யாரோ கெட்டியா மாத்திட்டான்."

"எந்த முட்டாள்?"

மஹ்கம் சுவரை நிமிர்ந்து பார்த்தார். ஹோஸியத்தும் பார்த்தார். பத்திரங்களுக்கு நடுவே அது கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஹோஸியத் கெண்டியைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, "ஊரே... ஊரே ஓடு கழுவிச்சே!" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மஹ்கமுக்கு முதலில் ரோஷம் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"தலைவர்கிட்ட சொல்லுவீங்களா?" என்றார் ஹோஸியத், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சொல்லாம எப்படி? அடைப்பு தேஞ்சிடுச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டிக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா ரெண்டே கோடையில மறுபடி கசியும். எனக்கே என்மேல எரிச்சல் வரும்."

சொன்னார். "நான் குளிக்காம இருந்த சனிக்கிழமைங்க..." என்று ஆரம்பித்த கென்னடி பாவ்லோவிச், முடிக்காமல் கையை அசைத்தார். "சரி பண்ணுங்க."

பழைய வில்லைப் போட்டால் தாங்கி பழையபடி சூடாகும். அதனால் மஹ்கம் இந்த முறை எண்ணெயை அதிகம் தள்ளாமல், எண்ணெயையே குளிரவைக்கப் பார்த்தார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு மேலே நாணற்பாய்ப் பந்தல் போட்டு, சுற்றி ஒட்டக முள்ளை அடைத்துத் தட்டிகள் கட்டி, அதில் தண்ணீர் சொட்ட வைத்தார். காற்று ஈரமாக உள்ளே போயிற்று. முன்தாங்கி அடைப்பில் கசிவைத் தடுக்க இன்னொரு வரிசைப் பல் வெட்டி, கசிவது வடிந்து திரும்ப ஒரு குழாயும் வைத்தார். வேலை முடியும் வரை இரண்டு முறை விரலை நசுக்கிக்கொண்டார், ஒரு முறை பந்தல் அவர்மேலேயே விழுந்தது. ஆனால் டர்பைனின் முள் ஏறிய இடத்தில் நின்றது. குளிர்காலம் வந்தும் இறங்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன் பழைய பாதைக்கே வந்துவிட்டான்.

தாஷ்கந்திலிருந்து ஒரு குழு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அருமையான யோசனை என்று மஹ்கமுக்கு இன்னொரு பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனது.

"கெடுத்ததுக்கு ஒண்ணு, திருத்தினதுக்கு ஒண்ணு" என்றார் கென்னடி பாவ்லோவிச். "இந்தக் கணக்குல போனா உங்க வீட்டுச் சுவர் பத்தாது." பிறகு ரொம்பவும் யோசித்து, மஹ்கமை யோசனைகளைப் பரிசீலிக்கும் பிரிவுக்கே தலைவராக்கினார். தனி அறை, மேசை, நாற்காலி, விசிறி. பதவி உயர்வுதான். அந்த அறையிலிருந்து எந்த இயந்திரமும் கைக்கெட்டாது என்பதை மஹ்கம் இரண்டாம் நாள்தான் கவனித்தார்.

மற்றவர்கள் யோசனை சொல்ல வந்தால் அவர் கேட்கிற கேள்வியில் ஆள் வியர்த்துப்போவான். "நல்லா யோசிச்சிருக்கே உக்கா. இதனால பக்கத்துல எது கெடும்?" உக்கா என்றால் தம்பி. தெரியாது என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். தெரிந்துகொண்டு திரும்பி வருகிறவனுக்கு மட்டும் கையெழுத்து. தம்பிமாரெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நல்ல வேலைகள் செய்தார்கள்.

ஒரு நாள் தலைவரே ஒரு யோசனையோடு வந்தார். பட்டறைக் கதவுக்கு இரட்டைப் பூட்டு போடுவது, அங்கே வேலையில்லாதவர்கள் உள்ளே புகுந்து எதையும் தொடாமல் இருக்க. பெயர் எதுவும் எழுதவில்லை. மஹ்கம் படித்தார். யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. முகம் சிவந்தது. பிறகு கீழே வரைந்திருந்த படத்தைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"கென்னடி பாவ்லோவிச், இது மணல் அடிக்கிற ஊரு. இந்தப் பூட்டுல மணல் புகுந்தா உள்ள இருக்கிறவன் வெளிய வரவே முடியாது."

"அப்போ?"

"கொண்டாங்க இப்படி" என்றார் மஹ்கம், பென்சிலைச் சீவிக்கொண்டே.