சங்கக்கடையில் மாட்டிய முகம்

எங்கள் வாவிக்கரைக் கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேஜர் சாமான் நிறுத்துக் கொடுத்தது எனக்கு நினைவில்லை, படம் வரைந்ததுதான் நினைவிருக்கிறது. ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டையில் றோட்டு மூடிக் கிடந்த காலம். அரிசியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஒருவரும் வாங்காத மைப் போத்தல்கள் மட்டும் கடையில் மிஞ்சிக் கிடந்தன. பொழுது போகாமல் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி மையில் தோய்த்துக் கீறிப் பார்த்திருக்கிறார். மனிதர் அந்தக் கோட்டில் மயங்கிப்போனார்.

"அமத்தினாத் தடிப்பு, விட்டா மயிர் மாதிரி. பாருங்க டீச்சர், அம்பது வயசு மட்டுக்கும் இது தெரியாமக் கிடந்திட்டனே!"

பேனையை இடுப்பில் கட்டிய சாரத்திலேயே துடைப்பார். சாரம் முழுக்க நீலம்.

வாவியை வரைந்தார், தோணிகளை வரைந்தார். ஒருநாள் பக்கத்து ஆமிக் காவலரண் சிப்பாய் ஒருவன் தன்னை வரையச் சொல்லி, சிரித்துக்கொண்டே படத்தை வாங்கிப் போனான். அவர் அதே முகத்தை இன்னும் நன்றாக வரைந்து கடைச் சுவரில் மாட்டிவிட்டார்.

"கழட்டுங்க அண்ணன். இயக்கப் பொடியன்மார் கண்டா என்ன நினைப்பாங்க?" என்றேன்.

"ஆமிக்காரனையா பாக்கிறீங்க? அந்த மூக்கைப் பாருங்க டீச்சர், ஒரே இழுவையில வந்தது."

மறுநாள் பொடியன்மார் வந்தார்கள். ஆமிக்கு ஆள் காட்டுகிறவன் என்று அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

படத்தில் இருப்பது யார் என்று அவர்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. பார்த்தவுடனேயே ஆளைத் தெரிந்துகொண்டார்கள். அந்த மூங்கில் பேனைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.