பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய காளை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். கல்வி இலாகாவில் நான் உதவி ஆய்வாளர். திருமயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில், மழைக்காலம் வந்தால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். காரணம் தெரிந்து சரிசெய்யாவிட்டால் பள்ளியை மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. விசாரணைக்கு என்னை அனுப்பினார்கள். எத்தனையோ விசாரணை பார்த்தவன். கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும் நேரத்தில், நகரத்துப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓவிய ஆசிரியையையும் என் வண்டியில் ஏற்றிவிட்டார் மேலதிகாரி. பிள்ளைகள் கையில் எதையாவது கொடுத்துச் செய்யச் சொன்னால் மனத்தில் இருப்பது தானே வெளியே வரும் என்பது அந்த அம்மாளின் கட்சி. மேலதிகாரிக்கு அது பிடித்துப்போயிற்று. அத்தனை வருடத்தில் என் யோசனை ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அன்று மழை விட்டிருந்தது. தலையாரி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார். விதிப்படி விசாரணை ஊர்த் தலைவர் முன்னிலையில் நடக்கவேண்டும். ஆகவே ஊர் அம்பலகாரர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பள்ளிக்கு வருவதில்லை?" என்று கேட்டேன்.

"வவுத்து வலிங்க" என்றான் முதல் பையன். அடுத்தவனுக்கும் வயிற்றுவலி.

"உள்ளதச் சொல்லுங்கடா, ஐயா கேக்குறாருல்ல!" என்று அம்பலகாரர் உறுமினார். வயிற்றுவலி பின்வரிசைக்கும் பரவியது.

"பாதிப் பேரை நான் வெளியே கூட்டிட்டுப் போகட்டுமா சார்?" என்றார் ஆசிரியை. தாராளமாக, என்றேன்.

காகிதம் கிடைக்காத நாட்கள். கண்மாயிலிருந்து களிமண் எடுத்துவந்து வேப்பமரத்தடியில் குவித்தார். "வீட்டிலேருந்து பள்ளிக்கூடம் வர்ற வழியைச் செய்ங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே ஒரே சிரிப்பும் கூச்சலும். உள்ளே என் வயிற்றுவலிக்காரர்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் உண்மையிலேயே வயிறு எரிந்தது எனக்கு மட்டும்தான்.

அவர் செய்வதை நான் செய்ய முடியாதா என்ன? எனக்கும் ஒரு கூடை மண் வந்தது. மாதிரி காட்டாமல் எதையும் செய்யச் சொல்லக்கூடாது என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். மேஜைமேல் நானே பள்ளி, பாதை, வாசல் தூண் எல்லாம் செய்து வைத்து, "அவரவர் விருப்பப்படி செய்யுங்கள்" என்றேன். சற்று நேரத்தில் என் பள்ளிக்கூடம் அறை முழுவதும் முளைத்துவிட்டது. என் தூண் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எல்லாத் தூண்களும் அதே பக்கம் சாய்ந்திருந்தன. ஆசிரியை வாசலில் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அதற்குள் அம்பலகாரர் மரத்தடிக்குப் போயிருந்தார்.

"அட, நம்ம செவலை!" என்று அவர் குரல் கேட்டது. "கொம்பப் பாருங்க, திமிலப் பாருங்க!"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பாதையிலும், கண்மாய்க் கரைமேல் ஒரு காளை நின்றது. பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய காளை. மஞ்சுவிரட்டில் யாரும் திமிலைப் பிடித்து அணைய முடியாத அம்பலகாரரின் காளை அது; கட்டியிருக்கும் இடம் அந்தக் கரைதான்.

"இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றார் அவர், பூரித்துப்போய்.

"அதுககிட்டயே கேளுங்கய்யா" என்றார் ஆசிரியை.

ஒரு சிறுமி காளையின் மூக்கணாங்கயிற்றைத் திரித்து ஒட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "முட்ட வருதுங்க. வெயிலுன்னா வயக்காட்டுல சுத்தி வந்துருவோம். மழன்னா அங்கிட்டுத் தண்ணியாக் கெடக்கு. கரைமேலதான் வரணும்."

அம்பலகாரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

"ஆம்பளைகள முட்டுறதுக்கு வளத்தேன், புள்ளைகள வெரட்டவா வளத்தேன்?" என்றவர், தலையாரியைக் கூப்பிட்டார். "அடேய், செவலைய இப்பவே அவுத்துக் களத்துக்கு அங்கிட்டுக் கட்டு. இந்த மண்ணு மாட்ட மட்டும் யாரும் தொடப்புடாது. எங்க வீட்டுக்கு வேணும்."

அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளியை மூடும் பேச்சு நின்றது. 'இரு முறைகளும் கையாளப்பட்டன' என்று அறிக்கை எழுதினேன். அதில் பொய் இல்லை. அதைப் படித்துவிட்டு மேலதிகாரி, குளத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் ஆசிரியையை அனுப்பச் சொன்னார். வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்கு.

பிற்காலத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைக்காத பதவிகளெல்லாம் எனக்குக் கிடைத்தன. நான் ஓய்வு பெற்றும் அவர்மேல் எனக்கிருந்த பொறாமை ஓய்வு பெறவில்லை. ஏனென்றால் இத்தனை வருட விசாரணைகளில், நான் செய்து காட்டாத ஒன்றை ஒரு பிள்ளைகூட எனக்குச் செய்து காட்டியதில்லை.